கோபத்துக்கு ஆள் தெரியும்

பார்கோடு ஸ்கேனர் ஒன்று சுவரில் மோதி உடைந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். பெரிய சத்தமெல்லாம் இல்லை. பிளாஸ்டிக் உடல் பிளந்து, உள்ளே இருக்கும் பேட்டரி மட்டும் தனியாகத் தெறித்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அது போய் நிற்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த ஸ்கேனரை எறிந்தவன் நான். அது பட்ட இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நின்றிருந்தவன், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பையன். அவன்மேல் படவில்லை. ‘படவில்லையே’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு பல இரவுகள் தூங்கினேன்.

அப்போது நான் ஒரு பெரிய கிடங்கின் டிஸ்பாட்ச் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர். சரக்கைப் பாலட் என்ற தட்டையான அடுக்குப் பலகையில் அடுக்கி, ஃபிலிம் சுற்றி, லேபிள் ஒட்டி, ஸ்கேன் செய்து லாரியில் ஏற்ற வேண்டும். இரண்டு பாலட்டுக்கு லேபிள் மாறினால் இரண்டு வாடிக்கையாளருக்கும் தவறான சரக்கு போய்ச் சேரும். அதைத் திருப்பி வரவழைத்துச் சரிசெய்வதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அன்று மாறிவிட்டது. லாரியின் கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் அந்தப் பையன் ஓடிவந்து, “அண்ணே, லேபிள் மாறியிருக்குன்னு நினைக்கிறேன்” என்றான். தவறு செய்தவனும் அவன்தான், கண்டுபிடித்தவனும் அவன்தான், மறைக்காமல் வந்து சொன்னவனும் அவன்தான். நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதில் லேபிளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மீதி எல்லாம் அவனைப் பற்றி, அவன் புத்தியைப் பற்றி, அவனை வளர்த்தவர்களைப் பற்றி. கத்திக்கொண்டே அவன் கையிலிருந்த ஸ்கேனரைப் பிடுங்கி எறிந்தேன். சுற்றி நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பிறகு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தத்தோடுதான் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரி வார்த்தைகள்தான் வாயில் வந்தன. கண்ணு மண்ணு தெரியலை. தலைக்கு ஏறிடுச்சு. அந்த நேரத்துல நான் நானாவே இல்லை. கேட்டவர்களும் தலையாட்டினார்கள்; அவர்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். நம் மொழியும் இதற்கு இடம் கொடுக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தது என்பதைப் போலவே எனக்குக் கோபம் வந்தது என்கிறோம். அது எங்கிருந்தோ வருகிறது, ஏறுகிறது, பொங்குகிறது, பிறகு தானே தணிகிறது. ‘சினந்தேன்’ என்றால் செய்தவன் நான் என்றாகிவிடும். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வந்தது என்று சொல்லிவிட்டால், வந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

முழுக்கப் பொய்யும் இல்லை. கோபம் வரும்போது உடம்பு தன் பாட்டுக்கு இயங்கத்தான் செய்கிறது. பயத்திலும் ஆத்திரத்திலும் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915இலேயே விரிவாக எழுதிவிட்டார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, செரிமானம் நின்றுபோய் ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிறது. எதிரே நிற்பது புலியா, லேபிளை மாற்றி ஒட்டிய பையனா என்று அது விசாரிப்பதில்லை.

அதோடு, ஒருமுறை கிளர்ந்த உடம்பு உடனே அடங்குவதும் இல்லை. டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். சீண்டப்பட்ட ஆட்களைக் கொஞ்ச நேரம் சைக்கிள் மிதிக்க வைத்தபோது, மிதிக்காதவர்களைவிட அவர்கள் கடுமையாகப் பதிலடி கொடுத்தார்கள். சைக்கிளால் ஏறிய படபடப்பின் மிச்சம், கோபத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. இதைப் படித்தபோது அன்றைய மாலையின் பாதி எனக்கு விளங்கியது. அந்தப் பையன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பு என் மேனேஜர் போனில் என்னை உரித்தெடுத்திருந்தார். அந்த மாதம் தாமதமாகப் போன லோடுகளின் கணக்கு. அவற்றில் பாதிக்கு நான் காரணமே இல்லை. “சரி சார், பார்த்துக்கறேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தேன். கோபம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். முகம் அடங்கியிருந்தது. உடம்பு அடங்கவில்லை.

இதுவரைக்கும் சொன்னால் கதை எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. மேலே இருந்து வந்தது, உடம்பில் தேங்கியது, கீழே வழிந்தது. நான் வெறும் குழாய்.

நான் விட்டுவிட்ட பகுதி

எங்கள் ஷிப்டில் ஓய்வுபெற ஒன்றிரண்டு ஆண்டுகளே இருந்த ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். பதவியில் நான் அவருக்கு மேலே. ஆனால் அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அன்று தரையைப் பார்த்த நான்கு பேரில் அவரும் ஒருவர். இரண்டு வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அவரிடமும் அதே கதையைச் சொன்னேன். தலைக்கு ஏறிடுச்சு அண்ணே, என்னால அடக்க முடியலை. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, குற்றம் சாட்டும் தொனியே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: “அதெல்லாம் சரி தம்பி. நடுவுல மேனேஜர்கிட்டருந்து போன் வந்துச்சே, அப்போ அந்தக் கோபம் எங்க போச்சு?”

ஆமாம், போன் வந்தது. ஸ்கேனர் உடைந்த பிறகும் நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். மேனேஜர் பெயர். பாதியில் நின்ற வார்த்தையை விழுங்கிவிட்டு, ஒரு மூச்சு இழுத்து, “சொல்லுங்க சார்” என்றேன். மென்மையான, மரியாதையான குரல். லோடு கிளம்பிவிட்டதா என்று கேட்டார். “பத்து நிமிஷத்துல கிளம்பிடும் சார், ஒரு சின்ன செக்கிங் போயிட்டிருக்கு” என்றேன். அவர் ஏதோ சொன்னதற்குச் சிரித்தேன்கூட. ஒரு நிமிடம் இருக்கும். போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்த ஆரம்பித்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை. அது கதையில் ஒரு பகுதி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அங்கே நின்ற ஐந்து பேரும் பார்த்திருக்கிறார்கள். அந்த மாலையில் எனக்கு மட்டும்தான் அது கண்ணில் படவில்லை. அண்ணன் கேட்ட பிறகு அன்று இரவு அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கண்ணு மண்ணு தெரியாதவன் போன் திரையில் ஒரு பெயரைப் படித்திருக்கிறான். தான் தானாக இல்லாதவன், நடக்கிற குழப்பத்தைச் ‘சின்ன செக்கிங்’ என்று நயமாக மூடியிருக்கிறான். இதயம் அடித்துக்கொண்டுதான் இருந்தது, கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கேனன் சொன்னது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. இருந்தும், யாரிடம் காட்டலாம், யாரிடம் காட்டக்கூடாது என்பதில் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

பிறகு ‘படவில்லையே’ என்ற சொல்லும் என்னிடம் நிற்கவில்லை. ஏன் படவில்லை? அவன் விலகவில்லை, விலக நேரமும் இல்லை. நான்தான் ஓர் அடி தள்ளி எறிந்திருக்கிறேன். அடிபட்டால் என் வேலை போகும், அடிபடாமல் அவன் நடுங்கினால் போதும் என்று எனக்குள் ஏதோ ஒன்று அளந்திருக்கிறது. மேஜையில் என்னுடைய சொந்த டேப்லெட்டும் இருந்தது. அதை எறியவில்லை.

உண்மையாகவே கட்டுப்பாடு இழக்கிறவர்கள் உண்டு. நோயால், தலையில் பட்ட அடியால், போதையால். அவர்களுக்கு மருத்துவர் தேவை, அது வேறு பேச்சு. நான் அவர்களில் ஒருவன் இல்லை. நான் பார்த்த சூப்பர்வைசர்கள், மேனேஜர்கள் பெரும்பாலானோரும் இல்லை. ஒரு சோதனை போதும்: உங்கள் ‘அடக்கவே முடியாத’ கோபம் எத்தனை முறை மேல்நோக்கிப் போயிருக்கிறது? என் பதினோரு வருட வேலையை எண்ணிப் பார்த்தேன். ஒருமுறைகூட இல்லை. செல்லுபடியாகும் இடத்தில் மட்டும்தான் அது செலவாகியிருக்கிறது.

கொட்டிவிட்டால் தீருமா

சின்ன வயதிலிருந்து நான் நம்பிய ஒன்று, கோபத்தை உள்ளேயே வைத்திருந்தால் உடம்புக்குக் கெடுதல், கொட்டிவிட்டால் மனசு லேசாகும் என்பது. கத்துகிறவர்களைப் பற்றி நாம் சொல்லும் பாராட்டும் இதுதான்: “அவர் கத்துவாரு, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு.” என்னைப் பற்றியும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், பெருமையாக இருந்திருக்கிறது. யார் மனசில் எதுவும் தங்கவில்லை, யார் மனசில் போய்த் தங்கியது என்று அப்போது யோசிக்கவில்லை.

பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த நம்பிக்கையைத்தான் எடுத்துப் பார்த்தது. மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, அதை வேண்டுமென்றே மட்டமாக விமர்சித்துக் கோபப்படுத்தினார்கள். பிறகு ஒரு பகுதியினர், விமர்சித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பகுதியினர் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. பழிவாங்க வாய்ப்புக் கொடுத்தபோது அவர்கள்தான் அதிகம் தாக்கினார்கள். சும்மா இருந்தவர்கள் மிகக் குறைவாகத் தாக்கினார்கள். 2024இல் அவரும் சோஃபி கியார்விக்கும் சேர்ந்து 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உடம்பின் கிளர்ச்சியைத் தணிக்கிறவை, மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவை, கோபத்தைக் குறைத்தன. கிளர்ச்சியைக் கூட்டுகிறவை மொத்தத்தில் பார்த்தால் குறைக்கவில்லை. கோபம் தணிய ஓடிவிட்டு வா என்பார்களே, அந்த ஓட்டம்கூட உதவவில்லை.

அப்படியானால் கத்தி முடித்ததும் வரும் அந்த நிம்மதி என்ன? அது எனக்கு நன்றாகத் தெரியும், பொய்யில்லை. ஆனால் கோபம் தீர்ந்த நிம்மதி இல்லை அது. என்னை ஒருவர் சின்னவனாக்கினார், நான் இன்னொருவனைச் சின்னவனாக்கி என் உயரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த நிம்மதி. அது பழகும். முதல்முறை குரல் போதுமானதாக இருந்தது, சில வருடம் கழித்து மேஜையைத் தட்டினேன், பிறகு ஸ்கேனர். அடுத்தது என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

குறைந்துபோன தவறுகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த மாதம் எங்கள் ஷிப்டில் பதிவான லேபிள் தவறுகள் பாதியாகக் குறைந்தன. கத்தினது வீண்போகலை என்று நினைத்தேன், வெளியேகூடச் சொன்னேன். அதற்கடுத்த மாதம் வாடிக்கையாளர்களிடமிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. தவறுகள் குறையவில்லை. என்னிடம் வந்து சொல்வதுதான் குறைந்திருந்தது.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயப் போனபோது, நல்ல குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் நேர்மாறாக இருந்தது. நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறைச் சொல்ல அஞ்சவில்லை. 2015இல் வந்த இன்னொரு ஆய்வில், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த 24 குழுக்களுக்கு ஒரு பாவனைப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் சில குழுக்களிடம் லேசாக மட்டம்தட்டிப் பேசினார். கத்தவில்லை, எதையும் எறியவில்லை. அதுவே போதுமாக இருந்தது. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் சறுக்கின; தகவல் பரிமாறிக்கொள்வதும், ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் குறைந்தன.

எங்கள் இடத்தில் அது ஃபோர்க்லிஃப்ட் வடிவத்தில் வந்தது. ஒரு வண்டியின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பது மூன்று பேருக்கு இரண்டு நாளாகத் தெரியும். அந்தப் பையன்தான் முதலில் கவனித்தவன். என்னிடம் சொன்னால், “நீ என்ன பண்ணி வெச்சே?” என்றுதான் ஆரம்பிப்பேன் என்று மூவருக்கும் தெரியும். அதனால் ஒருவர் மற்றவர் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் லோடோடு சரிவில் இறங்கிய வண்டி நிற்காமல் வழுக்கி, லாரியில் சரக்கு ஏற்றும் இடமான ‘லோடிங் பே’யின் விளிம்பில் இருந்த தடுப்பில் முட்டி நின்றது. கீழே அப்போது ஆள் இல்லை. ஒரு நிமிடம் முன்பு இருந்திருக்கிறார்.

இதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். வேலையிடத்து வன்முறை என்றால் கை ஓங்குவது, கத்தியை எடுப்பது என்றே கற்பனை செய்கிறோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றி, 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190ஆம் எண் உடன்படிக்கை வேறு மாதிரி சொல்கிறது. உடலுக்கோ மனதுக்கோ பாலியல் ரீதியாகவோ பொருளாதார ரீதியாகவோ கேடு விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய நடத்தைகளும் மிரட்டல்களும் எல்லாமே அதில் அடங்கும். ஒரு முறை நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று எனக்கு நானே சொல்லிவந்தவன் நான். அந்த வரியைப் படித்தபோது யாரோ எதிரில் உட்கார்ந்து பதில் சொன்ன மாதிரி இருந்தது. அதே அமைப்பும் இன்னும் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 121 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பு 2022இல் வெளியானது. வேலை செய்கிறவர்களில் 22.8 சதவீதம் பேர் தங்கள் வேலை வாழ்க்கையில் ஏதாவதொரு வகை வன்முறையையோ துன்புறுத்தலையோ சந்தித்திருக்கிறார்கள். மனரீதியானது 17.9 சதவீதம், உடல்ரீதியானது 8.5 சதவீதம். அதை யாரிடமாவது சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதும், பெயர் கெட்டுவிடும் என்பதும் சொல்லாதவர்கள் அதிகம் கூறிய காரணங்கள்.

இரும்புக் கம்பியோடு வந்தவர்

கோபத்தை வாங்குகிற பக்கத்தில் நின்றபோதுதான் சிலது புரிந்தது. ஒருநாள் மாலை ஒரு லாரி டிரைவர் கையில் வீல் ஸ்பேனர் கம்பியோடு அலுவலக வாசலுக்கு வந்தார். காலையிலிருந்து ஒன்பது மணி நேரம் வண்டியை நிறுத்திக் காத்திருந்தவர். பின்னால் வந்த இரண்டு வண்டிகள் அவருக்கு முன்னால் உள்ளே போய்விட்டன. நான் எழுந்து நேராக அவர் எதிரில் போய் நின்று, “முதல்ல அமைதியா இருங்க” என்றேன். கோபத்தில் இருப்பவரிடம் சொல்லக்கூடாத வார்த்தைகளில் முதலாவது அது. கம்பி மேலே போனது.

அண்ணன் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. என்னைத் தோளில் தொட்டு நகர்த்தினார். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களை “போய் வேலையைப் பாருங்கப்பா” என்று கலைத்தார். பிறகு டிரைவருக்கு நேர் எதிரில் நிற்காமல், இரண்டு கை தூரம் விட்டுப் பக்கவாட்டில் நின்றார். வாசல் அவருக்கும் திறந்திருந்தது, டிரைவருக்கும் திறந்திருந்தது. கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாழ்ந்த குரலில், “எத்தனை மணிக்கு வந்தீங்கண்ணே?” என்று கேட்டார். டிரைவர் சொன்னார். “அப்போ ஒன்பது மணி நேரம் ஆச்சு. யாராச்சும் வந்து என்ன ஏதுன்னு சொன்னாங்களா?” ஒருத்தனும் சொல்லலை என்று டிரைவர் கத்தினார். அண்ணன் அந்தக் கத்தலுக்குக் குரல் உயர்த்தாமல், “சொல்லாதது தப்புத்தான்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை, இடையில் புகுந்து ஏதாவது சொல்லிவிடத் துடித்தேன். அவர் அவசரப்படவில்லை. கடைசியில், “ரெண்டாம் பேயில வண்டியை விடுறீங்களா, இல்லை அரை மணி பொறுத்து முதல் பேயிலயே விடுறீங்களா? நீங்க சொல்றபடி செய்யலாம்” என்று கேட்டார். டிரைவர் கம்பியைக் கீழே இறக்கியது அப்போதுதான். அன்று முழுக்க அவரைக் கேட்டுச் செய்யப்பட்ட முதல் காரியம் அது.

ஒன்பது மணி நேரக் காத்திருப்பைவிட, யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாததுதான் அவரைக் கம்பி எடுக்க வைத்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தார்கள். ஓரிடத்தில் காரணத்தை முழுக்க விளக்கி, வருத்தத்தோடு, மரியாதையாகச் சொன்னார்கள். இன்னோரிடத்தில் ஏனோதானோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது இடத்தில்தான் ஊழியர்கள் செய்த திருட்டு மிக அதிகமாக உயர்ந்தது. குறைத்த தொகை ஒன்றுதான். டிரைவர் போன பிறகு நாங்கள் செய்த மாற்றமும் பெரியது இல்லை. வரும் வண்டிகளுக்கு வரிசை எண், பலகையில் எழுதிவைத்த உத்தேச நேரம், தாமதமானால் ஒருவர் நேரில் போய்ச் சொல்வது. வாசலில் சண்டை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கம்பி வரவில்லை.

பயங்கரமான ஏதாவது நடந்த பிறகு எல்லா வேலையிடத்திலும் ஒரே பேச்சுத்தான்: திடீர்னு வெடிச்சுட்டான், யாரும் எதிர்பார்க்கலை. அமெரிக்காவில் 2000 முதல் 2013 வரை பொதுவிடங்களில் துப்பாக்கிச் சூடு நடத்திய 63 பேரைப் பற்றி எஃப்.பி.ஐ. 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எவ்வளவு நாள் திட்டமிட்டார்கள் என்று தெரியவந்தவர்களில் 77 சதவீதம் பேர் ஒரு வாரமோ அதற்கு மேலோ திட்டமிட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சராசரியாக நான்கைந்து கவலைக்குரிய நடத்தைகளைச் சுற்றியிருந்தவர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். அந்தக் கொடுமைக்கும் என் ஸ்கேனருக்கும் வெகுதூரம். ஆனால் ‘திடீர்’ என்ற சொல் இரண்டிலும் ஒரே வேலையைச் செய்கிறது. தரையைப் பார்த்தவர்கள் எல்லோரையும் அது காப்பாற்றுகிறது. நான் மேஜையைத் தட்டிய நாளில் யாராவது ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது சரியில்லை என்று சொல்லியிருந்தால்? எனக்கு மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். “ஷிப்டை நல்லா கன்ட்ரோல்ல வெச்சிருக்கான்” என்று என் வருடாந்திர மதிப்பீட்டில் எழுதினார்கள்.

அதற்குப் பிறகு

மன்னிப்பு கேட்டேன். முதலில் அவனைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். “பரவாயில்லைண்ணே, பரவாயில்லைண்ணே” என்று கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மூடிய அறைக்குள் என்னோடு தனியாக இருப்பதே அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அண்ணன்தான் சொன்னார், அவமானப்படுத்தினது நாலு பேர் முன்னால, மன்னிப்பு மட்டும் ரூமுக்குள்ளயா என்று. அடுத்த நாள் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னேன். டென்ஷன், மேனேஜர் திட்டினார், லோடு லேட் என்று எந்தக் காரணமும் சேர்க்கவில்லை. தவறை வந்து சொன்னவனை நான் மிரட்டினேன், எறிந்தது குற்றம், அதைப் பற்றி நிர்வாகத்திடம் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், இனி நடந்தால் நீங்கள் நேரே அங்கே போகலாம் என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலை ஆரம்பித்தது.

கடினமான போன் பேசி முடித்தால் இருபது நிமிடம் தளத்துக்கு இறங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் முடிகிறது. யாராவது தவறைச் சொல்ல வந்தால் முதல் கேள்வி, “இப்போ என்ன பண்ணினா சரியாகும்?”; யார், ஏன் என்பதெல்லாம் மறுநாள். என் குரல் ஏறினால் அண்ணன் அருகில் வந்து, “தம்பி, போன் அடிக்குது” என்பார். போன் அடித்திருக்காது. நான் வெளியே போய்விடுவேன். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வேலையை வேறு ஒருவரிடம் கேட்டுக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்கிறார். மேனேஜரிடமும் ஒருநாள், தாமதமான லோடுகளில் பாதி எங்கள் கையில் இல்லை என்பதைத் தேதி தேதியாக எழுதி எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். குரல் நடுங்கியது. அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் போகவேண்டிய விலாசம் அதுதான், பல வருடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

பையன் இப்போதும் எங்கள் ஷிப்டில்தான் இருக்கிறான். நன்றாக வேலை செய்கிறான், புதிதாக வருகிறவர்களுக்கு அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான், என்னிடம் சிரித்துப் பேசுகிறான். ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் ஸ்கேனரை என் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். அவன் மட்டும் மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நிற்பான். நாலு வருடமாக அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவன் கையெழுத்துப் போட்டுக் கதவைத் தாண்டும்வரை அந்த ஸ்கேனரை நான் தொடுவதில்லை.